தம்பு வைத்த வீடு

எலியாப்பின் உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்துப் பாயில் கிடத்தி முடிக்கவில்லை. அதற்குள் அவன் அக்கா டாமாரிஸ் கேட்டுவிட்டாள்.

“தபுச் சுருள எங்க வெச்சிருக்கே?”

வைமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் முகத்தில் மொய்த்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தவள், விசிறியை நிறுத்தாமல், நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல், “உள்ளதான் இருக்கு” என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச வராது. செப்பிக் ஆற்றங்கரையில் பிறந்தவள் அவள். அவள் ஊரில் புருஷன் வீட்டாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. நேருக்கு நேர் நின்று எதையும் கேட்கவும் கூடாது. கொடுக்கலாம். கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். வாங்கிக்கொண்டவர்கள் தாங்களாகவே மனசறிந்து திருப்பிச் செய்வார்கள். செய்யாதவனை அங்கே யாரும் மனுஷனாகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அவள் வாழ்க்கைப்பட்டதோ கடலைத் தாண்டி வேறொரு தீவில், கொகோபோ பட்டணத்துக்குப் பக்கத்தில், தொலாய் என்கிற ஜனங்களின் ஊரில். இங்கே எல்லாம் வாயால்தான். வேண்டுமென்றால் வேண்டும் என்று நாலு பேர் நடுவில் நின்று கத்தவேண்டும். இருபது வருஷமாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் வைமாரி. பார்த்து என்ன பிரயோஜனம்? பிறந்த ஊர்ப் பழக்கம் எலும்புக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் யார் தோண்டி எடுப்பது?

தபு என்றால் இந்த ஊரில் செல்வம். சின்னஞ்சிறு சிப்பியின் முதுகைத் தட்டி உடைத்துப் பிரம்பு நாரில் கோத்து முழம் முழமாகச் சேர்ப்பார்கள். பெண் எடுக்க அதுதான், சண்டை தீர்க்க அதுதான். செத்தவனுக்கு மரியாதை செய்யச் சுருளை அறுத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பதும் அதுதான். சர்க்கார் அடிக்கிற கினா நோட்டு பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆகும். மானத்துக்குத் தபு வேண்டும். அதே சொல், சந்தையில் பல ஊர்க்காரர்களும் பேசுகிற பிஜின் என்ற கலப்பு பாஷையில் தம்பு ஆகிவிடும். அங்கே மாமனார், மைத்துனன், நாத்தனார் எல்லாரும் தம்பு. ஒரு கம்பை நட்டு அதில் தென்னங்கீற்றை முடிச்சுப் போட்டுக் கட்டினால் அதற்குப் பெயரும் தம்பு: இதைத் தொடாதே, இங்கே நுழையாதே.

சந்தையில் வைமாரிக்குப் பக்கத்து இடம் செரெய்மாவுடையது. பிஜித் தீவுக்காரி, பாதிரியார் பெண்டாட்டி. ஆனால் வாயைத் திறந்தால் பாதிரியாரே காதைப் பொத்திக்கொள்வார். அவள் ஒருநாள் ஆரம்பித்தாள்.

“எங்க ஊர்லயும் இந்தச் சொல் இருக்குடி. ‘கூடாது’ன்னு அர்த்தம். பீடி கூடாது, எச்சி துப்பக் கூடாது. ஞாயித்துக்கிழமைக்கும் அதே பேருதான். புனிதமான நாளாம், அன்னிக்கு எதுவுமே கூடாது.”

“எங்களுக்கு அது நாத்தனாரு, அக்கா” என்றாள் வைமாரி.

“கூடாதுன்னாலும் நாத்தனாருன்னாலும் ஒண்ணுதானே! இதுல என்ன வித்தியாசத்தக் கண்டுட்ட?”

எதிரில் நிலக்கடலை விற்கிற தொலாய்க்காரி பாக்குச் சாற்றைத் துப்பிவிட்டு, “எங்களுக்கு அது சொத்துடி” என்றாள்.

“சொத்து, நாத்தனாரு, கூடாது. மூணும் ஒரே வீட்டுல இருந்தா அந்த வீடு விளங்கினாப்பலதான்!” என்று செரெய்மா தொடையில் தட்டினாள். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் வைமாரி. பாவம்.

அவளிடம் இருந்த சுருள் யாரும் கொடுத்ததல்ல. சாகோப் பனையின் மாவில் அடை தட்டி, மீனைப் புகை போட்டு, சந்தையில் விற்றுச் சேர்த்தது. கினா கொடுத்தால் வாங்கமாட்டாள். “தபு இருந்தா குடு, இல்லேன்னா போய்ட்டு வா” என்பாள். “சாகோக்காரிக்கு வந்த திமிரப் பாரு” என்று பேசிக்கொண்டே வாங்கித் தின்பார்கள். வருஷக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து, தாழை ஓலை சுற்றி, கடைசியில் லாரி டயர் பெரிசுக்கு ஆகிவிட்டது. எல்லாம் மகள் ஜெமிமாவுக்காக.

ஏனென்றால் இந்த ஊரில் பிள்ளை அம்மாவின் கூட்டத்தைச் சேர்ந்தது. நிலம் அம்மா வழியில்தான் வரும். அம்மா அசலூர்க்காரியாக இருந்தால் பிள்ளைக்குக் கூட்டமும் கிடையாது, நிலமும் கிடையாது. எலியாப் கண்ணை மூடினால் வீடும் கோக்கோத் தோப்பும் அவன் அக்கா பிள்ளைகளுக்குப் போய்விடும். இதற்கு ஒரே ஒரு வழி உண்டு. எலியாப்பின் தாய்மாமன் தோமிலிர்தான் கூட்டத்துக்குத் தலைவர். அவர் கையில் ஊரறியத் தபுவைக் கொடுத்து, “இந்தப் பெண்ணை உங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கவேண்டும். அவர் சரி என்றால் முடிந்தது. அப்புறம் ஜெமிமாவை அந்த மண்ணிலிருந்து எவனும் அசைக்க முடியாது.

“வர்ற வருஷம் பண்ணிடலாம். மாமா காதுல போட்டு வெச்சிருக்கேன்” என்பான் எலியாப். வர்ற வருஷம், வர்ற வருஷம் என்றே ஜெமிமாவுக்குப் பதினேழு வயசாகிவிட்டது. நல்ல மனுஷன்தான், பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தவன் இல்லை, குடித்தவன் இல்லை. ஆனால் இந்தத் தள்ளிப்போடுகிற நல்ல மனுஷன்களை என்ன செய்வது? சர்க்கரை வியாதியில் காலில் புண் வந்தது, அதையும் நாளைக்குக் காட்டலாம் நாளைக்குக் காட்டலாம் என்றே இருந்தான். புண் அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

சாயங்காலம் தோமிலிர் வந்து துக்கம் விசாரித்தார். நல்ல உயரம், வெள்ளை முடி, தணிந்த குரல். டாமாரிஸ் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இறந்தவனின் நெற்றியைத் தடவிவிட்டுப் பொதுவாகச் சொன்னார்.

“என் மருமகன் நாய் செத்தாப்பல போகக் கூடாது. சுருள் அறுக்காம மண்ணுக்குள்ள போனா, அங்க நம்ம முன்னோருங்க வாசல்ல நிக்க விடமாட்டாங்க.”

வைமாரி அடுப்பைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோல, “அது பொண்ணுக்குன்னு எடுத்து வெச்சது” என்றாள். அவள் கணக்கில் அது பெரிய பேச்சு. அதில் எல்லாம் அடங்கிவிட்டது, இனி அவர்கள் பாடு.

தோமிலிர் காது கேட்காதவர் இல்லை. அவர் பாக்கைக் கடித்துச் சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டார்.

டாமாரிஸ்தான் எழுந்து வந்து வைமாரியின் முதுகைத் தடவினாள். “தம்பு, உன் கையால அறு. ஊரே பாக்கட்டும். அசலூர்ப் பொண்ணு எங்க தம்பிக்கு இப்படிச் செஞ்சான்னு பேசட்டும். ஜெமிமா யாரு, என் தம்பி ரத்தம் இல்லியா? அவள நாங்க தெருவுலயா விட்டுடுவோம்?”

அந்த வார்த்தையில் வைமாரி குளிர்ந்து போனாள். அழுகை அப்போதுதான் வந்தது. நாத்தனாரின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். டாமாரிஸும் அழுதாள், அவள் அழுகையும் பொய்யில்லை, கூடப் பிறந்தவன் அல்லவா.

சமையல்கட்டில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டாரோக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த செரெய்மா, வைமாரி உள்ளே வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏண்டி, அவ என்ன சொன்னா? தெருவுல விட்டுடுவோமான்னு கேட்டா. சேத்துக்கறோம்னு சொன்னாளா?”

“சொன்ன மாதிரிதானேக்கா.”

“மாதிரியாவது மண்ணாவது! நாளைக்குச் சுருள் உன் கையில இருக்கும். அறுக்கறதுக்கு முன்னாடி, எல்லாரும் உக்காந்திருக்கறப்போ, எழுந்து கேளு. பெரியவரே, முதல்ல எம் பொண்ண உங்க கூட்டத்துல சேருங்க, அப்பறம் அறுக்கறேன்னு சொல்லு. அத்தன பேருக்கு முன்னால அவரால மாட்டேன்னு சொல்ல முடியுமா?”

“பிரேதத்த நடுவுல போட்டுக்கிட்டுப் பேரமா பேசச் சொல்றீங்க?”

“பேரந்தான்! உன் பொண்ணு வாழ்க்க. நீ பேசலேன்னா சொல்லு, நான் எழுந்து பேசறேன். எனக்கு வெக்கமும் கிடையாது, அவங்க எனக்குத் தம்புவும் கிடையாது.”

வைமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாங்கா. அவ்வளவு பெரிசாக் குடுக்கறப்போ வாயால வேற கேட்டா, குடுத்ததுக்கே மதிப்பில்லாம போயிடும். எங்க ஊர்ல சாவு வீட்டுல புருஷன் வீட்டுக்கு ஒரு பன்னி குடுத்தாக்கூட, அந்தக் குடும்பம் தலமொறைக்கும் நம்மளத் தாங்கும். இது பன்னியா? என் ஆயுசு. அவங்களுக்குத் தெரியாதா?”

“இது உங்க ஊர் இல்லடி” என்றாள் செரெய்மா. சொல்லிவிட்டு மறுபடி கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளும் என்னதான் செய்வாள்?

மறுநாள் மாமரத்தடியில் ஊரே கூடியது. சுருளை வெளியே தூக்கிவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஓலையைப் பிரித்ததும் வெள்ளை வெளேரென்று சிப்பிகள். கூட்டம் ஒரு தரம் மூச்சை இழுத்து விட்டது. சாகோக்காரியிடம் இவ்வளவு இருக்கும் என்று எவரும் நினைக்கவில்லை. தோமிலிரே எழுந்து நின்றுவிட்டார். வைமாரியின் கையில் கத்தியைக் கொடுத்தார்கள்.

அந்தக் கணம் இருக்கிறதே, அதைத்தான் அவள் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். ஒரு மரியாதைக்காகக் கொஞ்சம் காத்துக்கூட இருந்தார்கள். செரெய்மா கூட்டத்தின் ஓரத்திலிருந்து கண்ணால் ஜாடை காட்டினாள். ஜெமிமா அம்மாவுக்குப் பக்கத்தில் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைமாரி குனிந்து முதல் கட்டை அறுத்தாள்.

அப்புறம் என்ன, கைகள்தான். பெரிய மனிதர்களுக்கு நீளமாக, மற்றவர்களுக்குக் குட்டையாக, குழி வெட்டினவனுக்கு, பாட்டுப் பாடினவர்களுக்கு, தூர ஊரிலிருந்து வந்தவர்களுக்கு. வாங்கி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள். தோமிலிருக்கும் டாமாரிஸுக்கும் எல்லாரையும்விட நீளம். சூரியன் உச்சியைத் தாண்டும்போது தரையில் தாழை ஓலை மட்டும் கிடந்தது. எலியாப்பை ராஜா மாதிரி புதைத்தார்கள்.

சடங்கு முடிந்து கிளம்பும்போது டாமாரிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். “பிரமாதமாச் செஞ்சிட்ட தம்பு. ஒரு குறை வைக்கல. எல்லாத்தையும் முடிச்சிட்ட.”

முடிச்சிட்ட என்றதை வைமாரி பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். அன்றிரவு வெகு நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள்.

துக்க காலம் கழிந்தது. தோமிலிர் வருவார், டாமாரிஸ் வருவாள், ஜெமிமாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள் என்று வைமாரி காத்திருந்தாள். யாராவது வந்தால் கொடுக்கவேண்டுமே என்று கோழிகூட அடிக்காமல் வைத்திருந்தாள். ஒரு காலையில் கோக்கோக் காய் பறிக்கத் தோப்புக்குப் போனவளுக்கு நுழைகிற இடத்திலேயே கால் நின்றுவிட்டது. வழியின் நடுவில் ஒரு கம்பு. அதில் பச்சைத் தென்னங்கீற்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. ஏதோ பையன்கள் விளையாட்டு என்று நினைக்கப் பார்த்தாள். திரும்பி வீட்டுக்கு வந்தால் வேலிப் படலிலும் ஒன்று.

அதற்கப்புறம் கோபம் அவளை இழுத்துக்கொண்டு போனது. டாமாரிஸ் வீட்டு முற்றத்தில் கோக்கோ விதை காய்ந்துகொண்டிருந்தது. டாமாரிஸ் காலால் அதைத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தாள். வைமாரி வாழ்க்கையில் முதல்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

“வாசல்ல கீத்து கட்டினது யாரு?”

“என் பசங்க. நான்தான் கட்டச் சொன்னேன்.” டாமாரிஸ் ஒளிக்கவில்லை. “உக்காரு தம்பு. மூத்தவன் கல்யாணம் பண்ணிக்கிட்டான், அடுத்தவனுக்கும் பாத்துக்கிட்டிருக்கோம். இருக்கறது அந்த ஒரு தோப்பு. இந்தப் பருவத்துக் காய நீயே பறிச்சுக்க, நான் சொல்லிடறேன். அவசரமில்ல.”

“அவ்வளவும் குடுத்தேனே! உன் தோள்ல போட்டேனே!”

“போட்டே. யாரு இல்லேன்னா? அதோட எங்களுக்கும் உனக்கும் கணக்கு நேராயிடுச்சு. சாவுக்குச் சுருள் அறுக்கறதே அதுக்குத்தானே, எந்தப் பாக்கியும் இல்லாம முடிக்கறதுக்கு. இருவது வருஷம் இங்க இருக்கே, எத்தன சாவு பாத்திருக்கே?”

“தெருவுலயா விட்டுடுவோம்னு சொன்னியே!”

“இப்பவும் அதான் சொல்றேன். ஜெமிமா எப்ப வந்தாலும் எங்க வீட்டுல சோறு உண்டு, படுக்கப் பாயி உண்டு. நிலம் வேற பேச்சு.” டாமாரிஸ் துழாவுவதை நிறுத்தினாள். திடீரென்று அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. “நீ ஏன் கேக்கல? அன்னிக்குக் கத்தி உன் கையில. மாமா எழுந்து நின்னாரு, எதுக்குன்னு நெனச்சே? நீ கேப்பேன்னுதான் நின்னாரு. நானும் அதத்தான் நெனச்சு பயந்துகிட்டிருந்தேன். கேட்டிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. வாயி இல்லியா உனக்கு?”

“எங்க ஊர்ல தம்புகிட்டக் கேக்க மாட்டோம்.”

“எங்க ஊர்ல கேக்கலேன்னா வேணாம்னு அர்த்தம்” என்றாள் டாமாரிஸ். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஜனங்கள் வெளியே வந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வைமாரி ஜெமிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே தோமிலிரிடம் போனாள். அவர் எதிரில் நின்று கத்தினாள், அவர்கள் பாஷையிலேயே கத்தினாள். “பெரியவரே! இது எலியாப் பொண்ணு. இவள உங்க கூட்டத்துல சேத்துக்குங்க. எல்லாரும் சாட்சியா இருக்கீங்க, நான் கேக்கறேன்!”

தோமிலிர் அவளை நன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை, இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“நல்லாக் கேட்டேம்மா. இப்படித்தான் கேக்கணும்” என்றார். “எங்க, குடு.”

வைமாரியின் கை வெறும் கையாக இருந்தது.

“ஒண்ணுமில்லாம ஒரு பொண்ண எப்படிச் சேத்துக்கறது? நாளைக்கு இவள எவன் மதிப்பான்? ஓசியில வந்தவள்னு இவ பேரன் காலம் வரைக்கும் பேசுவாங்க. எனக்கு இவ மேல பாசம் இல்லாமயா சொல்றேன்?”

கூட்டத்திலிருந்து நிலக்கடலைக்காரி வந்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு முழச் சரத்தை எடுத்து வைமாரியின் கையில் வைத்தாள். “அன்னிக்கு உன்கிட்டயிருந்து வந்ததுதான்” என்றாள். எல்லாரும் பார்த்தார்கள். அடுத்து யாராவது வருவார்களா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். ஒருவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். கொஞ்ச நேரத்தில் கோயில் வாசல் காலியாகிவிட்டது.

அம்மாவும் மகளும் கடலோரச் சாலையில் நடந்தார்கள். தூரத்து எரிமலையின் சாம்பல் காற்றில் வந்து கண்ணை உறுத்தியது. ஜெமிமாதான் முதலில் பேசினாள்.

“போனாப் போகுதும்மா. கப்பல் ஏறி உன் ஊருக்கே போயிடலாம். அங்க உனக்கு இடம் இருக்கில்ல?”

“இருக்கு. அண்ணன் ஒரு ஓரமா வீடு கட்டிக்கச் சொல்லுவான்.”

“எனக்கு?”

வைமாரி நடையை எட்டிப் போட்டாள். ஜெமிமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எனக்கும்மா?”

“எங்க ஊர்ல நிலம் அப்பா வழி, கண்ணு.”

ஜெமிமா அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. “இங்க உன் அம்மா யாருன்னு கேக்கறாங்க. அங்க போனா உன் அப்பா யாருன்னு கேப்பாங்களா?”

“கேப்பாங்க.”

“அப்போ எனக்குன்னு இருந்த ஒரே ஊரு அந்தச் சுருள்தான்” என்றாள் ஜெமிமா. “நான்தான் புடிச்சிக்கிட்டு நின்னேன், நீ அறுத்தே.”

திட்டுகிற குரலில் சொல்லவில்லை அவள். அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். வைமாரிக்கு மகளைக் கூப்பிட்டு நிறுத்தி ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வாய் வரவில்லை.